சுவிட்சில் மாட்டிய சிவப்பு அட்டை

சாட்சி சொல்வதில் அவள் கணவரை அடித்துக்கொள்ள அந்தச் சபையில் ஆள் கிடையாது. கண்ணீர் எங்கே வர வேண்டும், அல்லேலூயா எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஞாயிறு 'வெற்றியுள்ள வாழ்க்கை' என்று பேனர் கட்டி, பாஸ்டர் அவரைத்தான் பேச அழைத்திருந்தார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து மூன்றே வருடத்தில் மேனேஜர் ஆனவரை விட்டுவிட்டு வேறு யாரை அழைப்பார்கள். கணவன் பேசி முடித்ததும் மனைவியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

அவள் முதல் வரிசையில் இருந்தாள். மடியில் வேதப்புத்தகம். அதன் உறைக்குள் ஒரு சிவப்பு அட்டை.

தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு. வெட்டும் இயந்திரத்துக்குள் கை விடுகிறவன் முதலில் அதை நிறுத்தி, தன் பெயரையும் நேரத்தையும் சிவப்பு அட்டையில் எழுதி சுவிட்சில் மாட்ட வேண்டும். மாட்டியவனைத் தவிர யாரும் கழற்றக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன் அங்கே வேலை பார்த்த அவள் தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அவன் அட்டையே மாட்டவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவள் கணவர். விரலோடு வேலையும் போயிற்று.

விபத்துக்கு மறுநாள் துவைக்க எடுத்த கணவரின் சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது. தம்பியின் கோணல் எழுத்து. அவசர ஆர்டர் என்று பறந்தவர் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு பதவி வந்தது, மாடி வீடு வந்தது. தன்னைத் தானே காறித் துப்பிக்கொள்ளாத நாள் இல்லை. அட்டையை வெளியே எடுத்த நாளும் இல்லை.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது போல, சபையில் மைக் செட் பார்க்கும் வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததும் அவரேதான். ஆரம்பத்தில் 'நான் மாட்டினேன்' என்று தம்பி தொண்டை கிழியக் கத்தினான். எல்லோரும் இரக்கமாகப் பார்த்துப் பார்த்தே அவனுக்கே சந்தேகம் வர வைத்துவிட்டார்கள். இப்போது வாரம் தவறாமல் முழங்காலில் நின்று, பொய் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கிறான்.

"நேர்மையா உழைச்சேன், ஆண்டவர் உயர்த்தினார்," என்றார் கணவர் மேடையில். "கவனமில்லாம தப்பு பண்ணின என் மச்சானைக்கூட அவர் கைவிடலையே."

"ஆமென்," என்றான் தம்பி, மைக் பெட்டிக்குப் பின்னாலிருந்து. அதில் கள்ளமே இல்லை.

அவள் முறை வந்தது. வேதப்புத்தகத்தோடு மேடை ஏறினாள். தம்பி வந்து, இருக்கிற இரண்டு விரல்களால் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினான்.

"தைரியமா சொல்லுக்கா."

இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. உறைக்குள் விரலை விட்டாள். அட்டை தட்டுப்பட்டது. எதிரே கணவர் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆண்டவர் எங்களுக்கு எல்லாத்தையும் குடுத்தார்," என்றாள். "ஸ்தோத்திரம்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த தம்பியிடம் போய் அட்டையை நீட்டினாள். ஊருக்கு முன்னால் முடியாததை மூலையில் செய்கிற தைரியம்தான் அவளுக்கு இருந்தது.

"என் எழுத்துக்கா இது." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் மாட்டியிருக்கேன். நான் பொய் சொல்லலக்கா."

"நீ சொல்லலடா."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது உனக்கு எப்பக்கா கிடைச்சது?"

வாசலில் கணவர் கார் ஹாரனை அடித்தார்.

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப."

தம்பி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்ச வயரையும் சுருட்டி முடித்தான். பேச்சுத் தெரிந்த நாளிலிருந்து அக்காவை நீ, வா, போ என்றே கூப்பிட்டு வளர்ந்தவன்.

"உங்க வீட்டுக்காரர் காத்திருக்கார்," என்றான். "நீங்க போங்க."