சனிக்கிழமை வரை கையெழுத்து

மணலியில் நான் கிளார்க்காக இருந்த பெயின்ட் கம்பெனியில் தினமும் காலையில் பத்து நிமிடக் கூட்டம் நடக்க வேண்டும். எந்தத் தொட்டியில் என்ன இருக்கிறது, எதில் இறங்கக் கூடாது என்று சூப்பர்வைசர் ஒவைஸ் சொல்லுவார். கேட்டவர்கள் அன்றைய தாளில் கையெழுத்துப் போடுவார்கள்.

டேங்கர் லாரிகள் சாலையை அடைத்து நின்றால் கம்பெனி பஸ் பிந்தும். கூட்டமும் போட்டால் வேலை இன்னும் பிந்தும். அதனால் திங்கட்கிழமையே ஆறு நாள் தாளிலும் கையெழுத்து வாங்கிவிடுவேன். யாரும் வாங்கச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.

தம்பி பீம்ராவும் அங்கேதான் கான்ட்ராக்டில் இருந்தான்.

"ஆறு ஆட்டோகிராப்பு! சினிமா ஸ்டாரு கணக்கா ஆக்கிட்டக்கா."

"மூஞ்சப் பாரு. சீக்கிரம் போடுடா, பின்னாடி லைன் நிக்குது."

அந்த வியாழக்கிழமை பஸ் முக்கால் மணி நேரம் பிந்தியது. கூட்டம் இல்லை. முந்தைய ஷிஃப்ட்காரர்கள் நாலாம் தொட்டியில் நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். ஒவைஸிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கூட்டம் நடந்திருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பார். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது; அது நிரம்பிய இடத்தில் மூச்சுவிடக் காற்றும் கிடையாது. வாராவாரம் கழுவுகிற தொட்டிதானே என்று பீம்ராவ் இறங்கினான். தூக்கும்போது உயிர் இல்லை.

காரியம் முடிவதற்குள் பேச்சு வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

"அவன் கைல சொன்னாங்களாமே, இவந்தான் கேக்காம எறங்கிட்டானாமே? மெய்யாடி?" என்று அம்மா கேட்டாள். நான் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் மேனேஜர் தேவப்பிரியம் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஒவைஸ் நாற்காலியில் குனிந்திருந்தார். மேசையில் வியாழக்கிழமைத் தாள். அதில் தம்பியின் கையெழுத்து.

"சொல்லியிருக்கோம்லா, கையெழுத்து இருக்கே. கூட்டம் நடந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா."

"நடக்கல சார்."

"அப்ப யாரு வாங்குன கையெழுத்துன்னு விசாரணைல கேப்பாவ. என்ன சொல்லுவீங்க?"

மேனேஜர் வியாழக்கிழமைத் தாளை எடுத்து ஃபைலில் வைத்தார்.

"வெள்ளி, சனித் தாளையும் கிழிச்சுப் போட்டுருங்க."

அப்போதுதான் உறைத்தது. என் மேசைக்குப் போய் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பீம்ராவ் கையெழுத்துப் போட்டிருந்தான். அன்று மாலை அவனைப் புதைத்தோம். சனிக்கிழமையும் போட்டிருந்தான்.

இரண்டையும் மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன். கேட்டில் பையைச் சோதிப்பார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நான் கொடுத்த இரண்டு தாள்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இறந்தவர் எப்படிம்மா கையெழுத்துப் போட்டார்?"

"திங்கட்கிழமையே நான் வாங்கினேன் சார். எல்லார்கிட்டயும்."

"நீங்க அவருக்கு யாரு?"

"அக்கா."

பேனாவை வைத்துவிட்டார். மறுபடி எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதினார்.

பீம்ராவிடம் எதுவும் சொல்லப்படவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது. சொல்லப்பட்டதாக முன்கூட்டியே கையெழுத்து வாங்கியவர் அவருடைய அக்கா சங்கமித்ரா என்று அடுத்த வரியில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. முதல் வரியோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் படித்துக் காட்டினேன்.