பூட்டிக்கொள்கிற கதவு

சர்வீஸ் சென்டர் மெக்கானிக் வண்டியின் பின்கதவைத் தூக்கி அடைத்தார். டக்கென்று பூட்டிக்கொண்டது. பிடியை இழுத்துத் திறந்து மறுபடியும் அடைத்தார். பூட்டிக்கொண்டது. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வேண்டுமா என்பதுபோல் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பல்வலி என்று ஓடுவோம், டாக்டர் நாற்காலியில் சாய்ந்ததும் வலி போன இடம் தெரியாது. அந்த மாதிரி, நடுரோட்டில் திறந்துகொண்டு மானத்தை வாங்கிய கதவு இங்கே வந்ததும் சாதுவாக வாயை மூடிக்கொண்டது.

"கதவுல ஒண்ணும் இல்லைங்க. போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மெக்கானிக்.

"அப்போ வாஷிங் மெஷின் தானா எறங்கி நடந்து போச்சா?" என்றான் தம்பி.

மெக்கானிக் அதற்குச் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எடுத்துக் காட்ட ஒரு கோளாறு இருந்தால்தான் தன்னால் மாற்ற முடியும், நன்றாக இருக்கிற பூட்டை எந்தக் கணக்கில் கழற்றுவது என்று பொறுமையாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். தம்பிக்குப் பதில் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. ஏனென்றால் அந்த வண்டி உருவாகிற ஃபேக்டரியில், கடைசி இடத்தில் நின்று, அந்தப் பின்கதவை அடைத்துப் பார்த்து அனுப்புகிறவளே அவள்தான்.

தம்பி வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவன். பழைய வண்டி படுத்துவிட்டபோது ஆளாளுக்கு ஒரு கம்பெனியைச் சொன்னார்கள். அவன் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அக்கா சொன்ன பிக்கப்பைத்தான் எடுத்தான். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சின்னப் பச்சை வில்லையில் அவளுடைய எண் இருந்தது. சாமான் ஏற்ற வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தொட்டுக் காட்டி, எங்க அக்கா பாஸ் பண்ணின வண்டி என்பான். அந்தக் கதவுதான் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது தானாகக் கவிழ்ந்தது. முதல் தடவை மெத்தைகள் மட்டும் விழுந்தன. சிரித்துக்கொண்டே தூக்கிப் போட்டான். இரண்டாம் தடவை விழுந்தது வாஷிங் மெஷின். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒடித்துத் திருப்பி ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தார். முழங்கை தேய்ந்ததோடு எழுந்துவிட்டார். எழுந்தவர் திட்டவில்லை. மல்லாந்து கிடந்த மெஷினையும் தன் தலையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம் என்றான் தம்பி. அன்றிலிருந்து அவன் முன்கண்ணாடியைவிடப் பக்கக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்து ஓட்டினான். வண்டியை நிறுத்திவைக்கவும் வழியில்லை, அது ஓடினால்தான் வீட்டில் உலை. கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தான். கட்டுவதற்கென்று கம்பெனி வைத்திருந்த கொக்கி, நான்காவது இழுப்பில் வெல்டிங்கோடு கையில் வந்துவிட்டது.

சர்வீஸ் சென்டருக்குப் போய் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை அக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். தெருவில் வண்டியை நிறுத்தி, கதவை அவனை அடைக்கச் சொன்னாள். அவன் எல்லோரும் அடைக்கிற மாதிரி இடது ஓரத்தில் நின்று ஒரு கையால் தூக்கிவிட்டான். டக்கென்றது. ஒரு சுற்று ஓட்டி வந்தான். தெருமுனை மேட்டில் ஏறும்போதே கதவு தொங்கிவிட்டது. பிறகு அவள் அடைத்தாள். அதே சத்தம். அதே மேடு. கதவு அசையவில்லை. மாற்றி மாற்றி அடைத்தார்கள். அவன் அடைத்தால் திறந்தது, அவள் அடைத்தால் திறக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் போட்டதைப் போட்டபடி வேடிக்கை பார்த்தார்கள். "உனக்கு அடங்குது, எனக்கு அடங்க மாட்டேங்குது. கட்டிக்கிட்டவ மாதிரியே இருக்கு" என்றான் தம்பி.

அவன் மனைவி வாசல்படியில் உட்கார்ந்து, கிழிந்த தலையணை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். கணவன் சொன்னதற்கு அவள் முகம் கொடுக்கவில்லை. ஊசியை உறையில் குத்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நீங்க முட்டியால ஒரு இடி இடிக்கிறீங்க."

அக்கா இல்லவே இல்லை என்றாள். தினம் நூறு கதவு அடைக்கிறவள், தனக்குத் தெரியாதா? தம்பி மனைவி வாதாடவில்லை. இன்னொரு தடவை அடையுங்க, காலை மட்டும் பாருங்க என்றாள். அக்கா அடைத்தாள். குனிந்து பார்த்துக்கொண்டே அடைத்தபோதும், சத்தம் கேட்பதற்கு இமைப்பொழுது முன்னால் வலது முட்டி தானாக எழும்பி, கதவின் வலது மூலையில் ஒரு முட்டு முட்டிவிட்டு, ஒன்றும் அறியாததுபோல் கீழே இறங்கியது. யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோல் அவள் அதைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த யூனிஃபாரம் பேண்டை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். வலது முட்டி மட்டும் நீலம் போய் வெளுத்து, நூல் நூலாகத் தெரிந்தது. பெஞ்சு முனையில் உரசித் தேய்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பூட்டுக்குள் இரண்டு பல். முதல் பல்லில் விழுந்தாலும் டக், இரண்டாவதில் விழுந்தாலும் டக். வலது பக்கத்தில் பூட்டு கவ்வுகிற முளை ஒரு மயிரிழை தாழ்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் முதல் பல்லோடு நின்றுவிடுகிறது. ஒரு முட்டு கொடுத்தால் இரண்டாவதுக்குப் போகிறது. அவளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவள், கதவை அடைக்கும்போது உடம்பையும் கொஞ்சம் குடு என்றாள். சொல்லிக்கொடுத்தவளுக்கு யார் சொன்னார்களோ. சர்வீஸ் சென்டர் ஆட்களும் ஃபேக்டரி லைனில் வந்து நின்று பழகிப் போனவர்கள்தான். ஆக, கதவைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் முட்டியால் அடைத்தார்கள். தெரியாதவர்கள் அதை ரோட்டில் ஓட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

லைன் சூப்பர்வைசரை எல்லோரும் 'ஆகட்டும் சார்' என்பார்கள். லீவு கேட்டாலும் ஆகட்டும், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் ஆகட்டும். லீவு கிடைக்கும், மின்விசிறி ஓடாது. நல்ல மனிதர். அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். தானே வந்து ஒரு கதவை அடைத்தார். அவருடைய முட்டியும் எழும்பி இறங்கியது. அதை அவரிடம் அவள் சொன்னபோது வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு, கதவுக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் போய்ப் பேசச் சொல்லி, தானும் கூட வந்தார். அங்கே ஏசி அறையில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், இதுவரை செக்கிங்கில் எத்தனை வண்டி கதவுக்காகத் திரும்பியிருக்கிறது என்று. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பாஸ் செய்தது யார்? அவள்தான்.

மறுநாள் லைனில் நின்றபோது, இனிமேல் தம்பி அடைக்கிற மாதிரிதான் அடைப்பது என்று முடிவு செய்துகொண்டாள். கேட்க எளிதாக இருந்தது. முதல் வண்டி வந்தது. கை தூக்கியதும் முட்டி எழும்பிவிட்டது. அடுத்ததற்குக் காலைத் தரையில் ஊன்றி நின்றாள். இடுப்பு போய் இடித்தது. கடைசியில் வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று, எட்டிப் பிடித்து, ஒற்றைக் கையால் தூக்கிவிட்டாள். டக். மேல் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். கதவு பொத்தென்று கையோடு வந்தது. சிவப்புச் சீட்டை ஒட்டினாள். அடுத்ததும் வந்தது, சிவப்பு. அதற்கடுத்தது பூட்டிக்கொண்டது, பச்சை. பிறகு மறுபடியும் சிவப்பு. லைன் நின்றது. தலைக்குமேல் மஞ்சள் விளக்கு சுற்ற ஆரம்பித்தது. சீட் பொருத்துகிறவர்கள், டயர் மாட்டுகிறவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போதாவது கதவு எல்லோருக்கும் முன்னால் திறந்து நிற்கிறதே.

மேனேஜர் வந்தார். லைனிலிருந்தே மேலே போனவர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிவப்புச் சீட்டு ஒட்டிய முதல் வண்டியின் கதவை அடைத்தார். அவர் முட்டி அழகாக எழும்பியது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இரண்டாவது வண்டி, மூன்றாவது வண்டி. எதுவும் வரவில்லை.

"பூட்டிக்குதேம்மா" என்றார்.

"சார், நீங்க முட்டியால..."

"எப்படி அடைக்கணுமோ அப்படி அடைச்சா பூட்டிக்குது. அவ்வளவுதானே வேணும்?"

அவள் ஆகட்டும் சாரைப் பார்த்தாள். அவர் ஒரு சிவப்புச் சீட்டை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார், தடம் விழாமல். விளக்கு சுற்றுவது நின்றது. சாயந்தரம் அவரே வந்து, நாளையிலிருந்து வைப்பர் செக்கிங்குக்குப் போகச் சொன்னார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் அக்கா, கால் வலியும் குறையும் என்றார். உண்மையிலேயே அவளுக்கு நல்லது செய்கிற நினைப்பில்தான் சொன்னார். கதவைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்திருந்ததை மேலே அனுப்புவதாகவும் சொன்னார். ஆகட்டும் என்றாள் அவள். இருவரும் ஒரு நொடி சிரித்துவிட்டார்கள்.

வைப்பர் இப்படியும் அப்படியும் போவதைப் பார்த்துக்கொண்டு அந்த வாரம் போயிற்று. ஒவ்வொரு நாளும் தம்பி போன் பண்ணி, கம்பெனியில என்ன சொன்னாங்க என்று கேட்டான். சொல்றேன்னாங்க என்று இவள் சொன்னாள். இடம் மாற்றிவிட்டதைச் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், தம்பி ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே வண்டியோடு நிற்கிறான். பின்னால் பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில் சட்டங்கள். முன் சீட்டில் வீடு மாறுகிறவர் மடியில் மீன் தொட்டியை வைத்துக்கொண்டு, அதைவிட்டுக் கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கால்வாசித் தண்ணீரில் இரண்டு ஆரஞ்சு மீன்கள்.

"இவ்வளவு தூரம் நடக்கிற வேகத்துல ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்க்கா. இனிமே பாலம் ஏறணும். நீ வந்து அடைச்சுக் குடுத்துட்டுப் போ. உன் கைக்குத்தான் அது அடங்கும்" என்றான் தம்பி.

அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தூக்கினாள். தூக்கும்போதே முட்டி எழும்ப வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததால் எழும்பியது. டக். விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கதவு கையோடு வந்தது.

மறுபடி அடைத்தாள். கொஞ்சம் முன்னால் இடித்தாள். வந்தது. கொஞ்சம் பின்னால் இடித்தாள். வந்தது. எந்த நொடியில், எந்த இடத்தில், எவ்வளவு பலத்தோடு என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்ததில்லை. தெரியாத வரைக்கும் முட்டி பார்த்துக்கொண்டது. காலையே பார்த்து, காலையே கட்டுப்படுத்தி, அன்று லைனில் அதைப் பழக்கம் விட வைத்தவளும் அவள்தான். வலி ஏறுகிற அளவுக்கு ஓங்கி ஒன்று கொடுத்தாள். ஃபிரிட்ஜ் குலுங்கியது. முன்னால் மீன் தொட்டிக்காரர் திரும்பிப் பார்த்து, மெதுவா மெதுவா என்றார். இழுத்தாள். வந்தது. வேலை முடிந்து போகிறவர்கள், என்னக்கா சொந்த வண்டிக்கும் செக்கிங்கா என்று கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். "சரி விடுக்கா, நான் உருட்டிக்கிட்டே போயிடறேன்" என்றான்.

"பாலத்துல எப்படிடா உருட்டுவ?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். சின்ன வயதில் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இப்படித்தான் தடவுவான். அவள் பையை எடுத்து அவன் கையில் கொடுத்து, கதவைத் தூக்கி அடைத்துவிட்டு, சக்கரத்தின்மேல் கால் வைத்து ஏறினாள். அவன் அக்கா அக்கா என்று தடுத்ததைக் கேட்கவில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கால்களையும் கதவின் மேல் ஓரத்துக்குக் கீழே பதித்து அழுத்திக்கொண்டாள். வெயிலில் நின்ற தகடு சுட்டது. கதவு வெளியே சாய்ந்தால் காலால் அதை நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும். பின்னே எதை நம்பி ஏறினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இடது கையால் மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

பாலத்தின் ஏற்றத்தில் ஃபிரிட்ஜ் அரை விரல் நகர்ந்து வந்து அவள் தோளைத் தொட்டது. கதவு உள்ளங்காலில் நடுங்கிக்கொண்டே இருந்தது, எப்போது வேண்டுமானாலும் பேசிவிடப்போகிற வாய்போல. பின்னால் ஒரு பைக் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவருக்கு முன்னால், டேங்கின்மேல் ஒரு சின்னப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. சாமான்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து வருகிற பெரியவளை அது வாய் பிளந்து பார்த்தது. அக்கா வலது கையைத் தூக்கி, தள்ளிப் போ, தள்ளிப் போ என்று ஆட்டினாள். ஓட்டுகிறவர் பக்கத்து லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். குழந்தையின் முகம் மலர்ந்தது. அதுவும் கையைத் தூக்கி, முழங்கை முறிந்துவிடுகிற மாதிரி, அவளுக்குத் திரும்ப ஆட்ட ஆரம்பித்தது.