இங்கேயும் மழைதான்

வானிலையைப் பற்றி பிரிட்டன்காரர் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. என் வகுப்பில் இதுதான் முதல் பாடம். குளிர் என்றால் ஆமாம், குளிர். வெயில் என்றால் அப்பாடா, ஒருவழியாக வந்ததே. இலக்கணமெல்லாம் அப்புறம்.

ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஏழு பேருக்கு வணிக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. அவர்கள் வாரா வாரம் வீடியோவில் பேசுவது லண்டன் அலுவலகத்து அதிகாரி ஒருவரிடம். லண்டன் அம்மா என்று பேர் வைத்திருந்தோம். முதல் ஐந்து நிமிடம் அந்த அம்மா வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மழை, உதிர்ந்த இலை, ரயில் தாமதம் என்று சுற்றி வளைத்துத்தான் பில்லுக்கு வருவார். நம் ஆட்களோ எடுத்த எடுப்பிலேயே பில் என்னாச்சு என்று கேட்கிற ரகம். அதற்காகவே வாரம் ஒரு பக்கம் பருவச் செய்தி எழுதிக் கொடுப்பேன். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள், நாலரைக்கே இருட்டிவிடுகிறது, இப்படி.

அந்தத் தாளை வகுப்பைவிட ஊன்றிப் படிக்கிறவர் வீட்டில் இருந்தார். என் அண்ணி. அண்ணன் சரக்குக் கப்பலில் மெக்கானிக். பிரிட்டன் கரையை நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்று கோடையில் கடைசியாகப் பேசினான். அதன்பிறகு அவனும் இல்லை, கப்பலும் இல்லை. தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த கப்பல் கம்பெனி அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டது. அண்ணி நிறுத்தவில்லை. தாளைப் படித்துவிட்டு, அங்கே குளிர ஆரம்பித்துவிட்டதே, ஸ்வெட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனாரே என்பார். அண்ணிக்கு நான் எழுதும் குளிருக்குள்தான் அண்ணன் உயிரோடு இருந்தான். எனக்கும்தான். அதனால் அங்கே புயல் அடித்த வாரத்தில்கூட இதமான காற்று என்றே எழுதினேன்.

வகுப்பில் லொடலொடா என்று ஒருவர். வாய் மூடினால் நோய் வந்துவிடும் அவருக்கு. என் தாளை நம்பி, இதமான காற்றாமே என்று லண்டன் அம்மாவிடம் கேட்டு வைத்தார். வீட்டுக் கூரையில் பாதியைப் பறிகொடுத்திருந்த அந்த அம்மா, ஆமாம், கொஞ்சம் சுறுசுறுப்பான காற்றுதான் என்று ஒத்துக்கொண்டாராம். அதுதான் வளர்ப்பு என்று வகுப்பில் சொல்லிச் சமாளித்தேன்.

நவம்பர் வந்தது. சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்வார்கள், பதினோராம் தேதி பதினோரு மணிக்குப் போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள் என்று எழுதினேன். அன்றைக்குத் திரையில் எங்களோடு சேர்ந்து நிற்கிறீர்களா என்று லண்டன் அம்மா கேட்டார். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. சொதப்பாமல் நிற்கப் பழக்கிவிடுங்கள் என்றார். நிற்பதற்குமா பயிற்சி என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள் ஒத்திகை. சும்மா நின்றால் உடம்பெல்லாம் அரிக்கும், இறந்துபோன யாராவது ஒருவரை நினைத்துக்கொண்டு நில்லுங்கள் என்றேன். அந்த ஊர் வழக்கத்தில் இப்படி ஒரு விதி கிடையாது. நானாகச் சேர்த்தது. தன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களே என்று லொடலொடா கையைத் தூக்கினார். பக்கத்து சீட்டில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அடக்கினேன்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். நான் அப்பாவைத் தேடினேன். சின்ன வயதில் போனவர், முகம் சட்டென்று பிடிபடவில்லை. அந்த இடைவெளியில் அண்ணன் வந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. ஒரு தோளில் பையோடு, ஊருக்குக் கிளம்புகிறவன் மாதிரி நின்றான். போடா, இது உன் வரிசை இல்லை என்று மனசுக்குள் விரட்டினேன். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சின்னதாக இரண்டு தடவை, இழுத்து ஒரு தடவை. அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போது செருமுவது அப்படித்தான்.

யார் அது என்று அதட்டினேன். ஏழு பேரும் என் முன்னால்தான் நின்றார்கள். லொடலொடாவே குரலைத் தாழ்த்தி, "எங்கள்ல யாரும் இல்ல மேடம். உங்களுக்குப் பின்னாடிதான் கேட்டுச்சு" என்றார். என் பின்னால் சுவரும் சாத்திய ஜன்னலும் இருந்தன.

வீட்டில் அண்ணி தாளைப் படித்து முடித்திருந்தார். மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு அங்க நிக்கிறப்ப அவரை நெனச்சுடாத" என்றார். மாட்டேன் என்றேன்.

மறுநாள் அப்பாவின் போட்டோவைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஏழு பேரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள், நான் கடைசியில். திரையில் லண்டன் அம்மா தலை குனிந்தார். நான் அப்பாவின் மீசையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அண்ணன் வரவில்லை. செருமல் கேட்கவில்லை. இரண்டு நிமிடமும் முடிந்தபோது, பிழைத்தான் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

லண்டன் அம்மா நன்றி சொன்னார். அதிசயமாக இன்று இங்கே வானம் தெளிந்திருக்கிறது என்றார். பிறகு எங்களைத் தாண்டிப் பார்த்து, பரிவோடு கேட்டார். உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் பாவம், தொப்பலாக நனைந்திருக்கிறாரே, அங்கே நல்ல மழையோ?

ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாடம் மறக்காத லொடலொடா, வெளிறிய முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, ஆமாம், இங்கேயும் மழைதான் என்றார். ரொம்ப மழை என்று மற்றவர்களும் தலையாட்டினார்கள். லண்டன் அம்மா திருப்தியாகப் பில்லுக்குப் போனார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையின் மூலையில் தெரிந்த எங்கள் படத்தைத்தான் பார்த்தேன். அதில் நாங்கள் எட்டுப் பேர் மட்டும் இருந்தோம்.

மஞ்சள் வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். வழி நெடுகப் பின்னால் பார்க்கவே இல்லை. அண்ணியிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கு இன்னும் ஒரு குளிர்காலமாவது அண்ணன் இருக்க வேண்டும்.

அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல, இன்றைக்கு அங்கே எப்படி என்று கேட்டார்.

"வானம் தெளிவா இருக்காம் அண்ணி. மழை கிழை ஒண்ணும் இல்ல."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. கோடையிலிருந்து அதில் இருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப் போனது. அண்ணனின் பச்சைத் துண்டை மடிப்பிலிருந்து உருவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். "எப்படி நனைஞ்சு வந்திருக்கார் பாரு. வெளிய நல்ல மழையா?"

படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. புயலையெல்லாம் காற்று என்று எழுதிக் கொடுத்த வாரங்கள் நினைவுக்கு வந்தன. தள்ளி நின்று வழிவிட்டேன்.

"ஆமா அண்ணி" என்றேன். "நல்ல மழை."