உப்பும் எலுமிச்சையும் இல்லாமல்

தந்தையின் தாடையில் எஞ்சியிருந்த சோப்பு நுரையை ஹெர்மினியா வழித்துக்கொண்டிருந்தபோது, தம்பி நிக்கனோர் ஒரு பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துப் பிரித்தான். வெள்ளைப் பருத்தி உடுப்பும் சிவப்பு இடைக்கச்சையும் உள்ளே இருந்தன.

"வடிசாலையில குடுத்து விட்டிருக்காங்கக்கா. அப்பாவுக்கு இதைத்தான் போடணுமாம். மேனேஜர் படம் எடுக்க வந்திருக்கார்."

"செத்த பிறகுமா வேஷம்?"

"மெதுவாப் பேசு. என் வேலை அவர் கையில இருக்கு."

அப்பா ஃபகுந்தோ, டெக்கீலா மது வடிக்க உதவும் நீலக்கற்றாழையை முப்பத்தோராண்டு வெட்டியவர். அந்நாட்களில் கட்டம் போட்ட சட்டைதான் அவருடைய உடை. முழங்கால் தேய்ந்தபின் வடிசாலை அவருக்கு வெள்ளை உடுப்பை மாட்டி, சுற்றுலா வருவோருக்கு டெக்கீலா ஊற்றித்தர நிறுத்தியது. அவர் முறையாகவே கற்பித்தார்: முதலில் முகர வேண்டும்; நாவு நனையுமளவே உறிஞ்ச வேண்டும்; சற்றே நிறுத்தி விழுங்கியபின், வாய்வழியே மெல்ல மூச்சு விட வேண்டும். கூடவே ஒரு கதையும் சொல்வார். கற்றாழை பூத்தபோது எருது பூவையே மென்று விழுங்கிவிட்டு, 'இதில் தேன் எங்கே?' என்று கேட்டதாம். வௌவாலோ நாவின் நுனியால் தொட்டுப் பருகிவிட்டு, மறுநாளும் வந்ததாம்.

"கதையை விடுங்க பெரியவரே, உப்பை எடுங்க" என்பார் மேலாளர் எஸ்ட்ராதா. வந்தவர்கள் உப்பை நக்கி, ஒரே மடக்கில் கவிழ்த்து, எலுமிச்சையைக் கடித்துக் கூச்சலிடுவார்கள். ஏழாண்டுகள் அதற்கு ஃபகுந்தோ கைதட்டினார்.

முன்னறையில் எஸ்ட்ராதாவின் குரல் உயர்ந்தது. "நம்ம பெரியவர் டொன் ஃபகுந்தோவுக்காக! எல்லாரும் உப்பு எடுத்துக்கங்க. ஒரே மடக்குல! கேமராவைப் பாருங்க!"

துக்கத்துக்கு வந்திருந்த வெட்டுத் தொழிலாளர்கள் பிளாஸ்டிக் குவளைகளைப் பிடித்தபடி தரையைப் பார்த்தனர். கிழவர் சென்சோ மட்டும், "ஏன் மேனேஜரு, இதென்ன பேதி மருந்தா, மூக்கைப் பிடிச்சிட்டு ஊத்திக்க?" என்றார்.

ஹெர்மினியா சவரக்கத்தியோடு வெளியே வந்தாள். பொட்டலத்தை எஸ்ட்ராதாவின் மார்பில் அழுத்தினாள்.

"ஏழு வருஷம் எங்கப்பாவைக் குரங்காட்டம் ஆட விட்டீங்க. போதும். உங்க உடுப்போட அவர் குழிக்குள்ள போக மாட்டார்."

"நீ கோபத்துல பேசறேம்மா. உன் தம்பிக்கு நாளைக்கு வேலை வேணாமா?"

எல்லோரும் நிக்கனோரைப் பார்த்தனர். அவன் உப்புத் தட்டை எடுத்தான். எலுமிச்சைத் துண்டுகளையும் அதிலேயே வழித்துப் போட்டு, மேலாளரிடம் நீட்டினான்.

"இதையும் கொண்டு போங்க சார்."

மேலாளரின் வண்டி கிளம்பிப் போனது. பிறகு சென்சோ தன் குவளையை மூக்கருகே கொண்டுபோனார்.

உள்ளே, நிக்கனோர் பெட்டியிலிருந்து கட்டம் போட்ட சட்டையை எடுத்தான். தந்தையின் கை விறைத்திருந்தது. அவன் வளைக்க முயன்றான்.

"உடைச்சிராதடா, முட்டாள்! இப்பதான் உனக்கு வீரம் வந்துச்சா?"

"வந்துச்சில்ல? விடு."

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து விளிம்புவரை ஒரே சீராக வெட்டினாள். ஆளுக்கொரு கையாக நுழைத்து, இரு பாதிகளையும் முதுகின்கீழ்ச் செருகி, பொத்தான்களைப் போட்டார்கள்.

முன்னாலிருந்து பார்க்க, அவர் தாமே அணிந்துகொண்டது போலிருந்தது.