பேசிக்கொண்டே ஓடும் வேகம்

உங்களால் ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடியுமா? இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்காமல், பக்கத்தில் நடக்கிறவரிடம் பேசுவது போல? என்னால் முடியாது. அதனால்தான் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயத்தில் இரண்டு முறையும் பதினேழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சாலை ஓரமாக உட்கார்ந்தேன். இரண்டாவது முறை என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒருவர் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

"மெதுவா ஓட வேண்டிய நாள்லயும் போலீஸ் துரத்துற மாதிரி ஓடுற நீ," என்றார் வேன்காரர். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றி வருகிறவர். என் வயதுதான். எனக்கு முன்பே ஓட ஆரம்பித்தவர். "வாரத்துல நாலு நாள் பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். அவ்வளவுதான் விஷயம்."

"யார்கிட்ட பேசறது?"

"பொண்டாட்டிகிட்ட பேசு. இதையும் நானே சொல்லணுமா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவியிடம் நான் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பேசுகிறேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பாப்பா என்ன பண்றா, பள்ளிக்கூடம் கிளம்பறா. அதற்கு மேல் பேசினால் ஜூன் மாதப் பேச்சு வந்துவிடும். இந்த வெளிநாட்டு வேலையில் ஆறு வருடம் முடிந்து ஜூனில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். ஜனவரியில் மேற்பார்வையாளர் ஒப்பந்தத் தாளை நீட்டியதும் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. ஏன் போட்டாய் என்று யாராவது கேட்டால் பாப்பாவின் படிப்புக்கு என்பேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

நாள் முழுவதும் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிச் சூடான இஸ்திரி உருளைக்குள் விட்டுக்கொண்டே நிற்கிற வேலை என்னுடையது. இரண்டு முனையும் சமமாகப் போகாவிட்டால் துணி மடிந்து கருகும். இரைச்சலில், எதிரே நிற்கிறவனிடம் கத்தினாலும் கேட்காது. விடிகாலை ஒரு மணி நேரம்தான் என் உடம்பு என் பேச்சைக் கேட்டது. இப்போது அதுவும் கேட்க மாட்டேன் என்கிறது.

புதன்கிழமை ஐந்தேகாலுக்கு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அழைத்தேன். அங்கே மணி ஏழே முக்கால்.

"என்னங்க இந்நேரத்துல? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஓடிக்கிட்டிருக்கேன். சும்மா பேசு. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரமா? கல்யாணம் ஆன புதுசுலகூட நீங்க அவ்வளவு பேசினதில்லையே!"

கடிகாரம் கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் நாற்பது நொடி என்று காட்டியது. வேகத்தைக் குறைத்தேன். கிடங்குகளின் பின்பக்கச் சாலையில் நாயோடு நடந்துபோன ஒருவர் என்னை முந்திவிடுவார் போலிருந்தது. எரிச்சலாக வந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். பாப்பாவுக்குக் கண்ணாடி போட்டு மூன்று மாதமாகிறதாம்.

"சொல்லவே இல்லையே?"

"நாலு நிமிஷத்துல எதைன்னு சொல்றது?"

பிறகு அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிற தலைமை ஆசிரியர் கதையைச் சொன்னாள். வருஷா வருஷம் அவர் இடுப்பு பெருத்துக்கொண்டே போகிறது. "என் டேப்புதான் சுருங்கிடுச்சாம். வேற டேப்பு வாங்கச் சொல்றாரு." நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர், சரியாக ஏழு நிமிட வேகத்தில் போயிருந்தேன். மூச்சு சீராக இருந்தது. இத்தனை வருடத்தில் கால் இவ்வளவு இலேசாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் அவிழ்ந்துகொண்டது.

"செப்டம்பர் பதினாலு பந்தயம். பேர் குடுத்துட்டேன். இந்தத் தடவை முடிச்சிருவேன் பாரு."

"எங்க?"

"இங்கதான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"ஜூன்ல வர்றவரு," என்றாள் அவள் நிதானமாக, "செப்டம்பர்ல அங்க எப்படிங்க ஓடுவீங்க?"

கால் தானாக வேகமெடுத்தது. ஐந்து ஐம்பது. ஐந்து முப்பது. கடிகாரம் கத்தியது. நின்று பேசியிருக்கலாம். நிற்கத் தோன்றவே இல்லை.

"அது... ரெண்டு வருஷம்... கையெழுத்து..."

"மூச்சு விட்டுட்டுப் பேசுங்க."

"போட்டுட்டேன். ஜனவரில."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"நீங்க வர்றீங்கன்னு அடுத்த வருஷ யூனிபார்ம் ஆர்டரை வேணாம்னுட்டேன். முன்னூறு சட்டை. முன்ரூமைக் காலி பண்ணி பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். பாப்பா காலண்டர்ல கோடு போட்டுக்கிட்டு இருக்கா." அவள் அழவில்லை. "மூச்சு வாங்கறதால குறுக்க பேசாம இருக்கீங்க. இல்லன்னா இதையும் சொல்ல விட்டிருக்க மாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாப்பாவுக்காகவா அங்க இருக்கீங்க, இந்த ஓட்டத்துக்காகவா?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரு முழு வாக்கியம். மூச்சு இரண்டு வார்த்தைக்குமேல் விடவில்லை.

"சரி, ஓடுங்க," என்று வைத்துவிட்டாள்.

கடைசிக் கிலோமீட்டர் நாலு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. இதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் வேகமானது என்று கடிகாரம் பாராட்டியது. அதைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அறைக்கு நடந்தேன். அன்று வேலையில் நாலு விரிப்புகளைக் கருக்கினேன். வேன்காரர் வாசலிலிருந்தே கேட்டார், "என்ன, பேசினியா?"

"பேசினேன்."

"வேகம் குறைஞ்சுதா?"

நான் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு அழைத்தேன். பாப்பாதான் எடுத்தாள். அம்மா குளிக்கிறாங்க என்றாள். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.