மூன்று பேர் பார்த்த பறவை

எதையும் கேட்காமல் விட்டால் அக்தர் பேகத்துக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் தன் சொந்த ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் விட்டாள். பெயர் சரி, போன் நம்பர் சரி என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த அவசரம் பள்ளிக்கரணை தாண்டி ஒரு டைல்ஸ் குடோனில், மேனேஜர் மோகன்ராஜ் முன்னால் அவள் மானத்தை வாங்கியது.

"பறவை பார்க்கிறதுதான் உங்க ஹாபியா மேடம்? சதுப்பு நிலத்துல என்னென்ன பறவை வருது?"

"காக்கா வரும் சார்."

மோகன்ராஜ் இன்னும் இரண்டு ரெஸ்யூம்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "காலையில வந்த ரெண்டு பேருக்கும் இதே ஹாபி. ஒருத்தர் நெருப்புக்கோழியே பார்த்திருக்கார்."

"மூணும் ஒரே ஜெராக்ஸ் கடையில டைப் பண்ணதா இருக்கும் சார். எனக்குப் பறவை பத்தி ஒண்ணும் தெரியாது."

"உங்களைப் பத்தியும் இதுல ஒண்ணும் இல்லையே. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உங்களோடதுன்னு ஒண்ணு கொண்டுவாங்க. அதுக்கு மேல வெயிட் பண்ண முடியாது."

கணவர் அத்தாவுல்லாவின் கடையை மூடி ஒரு வருடம் ஆகிறது. மகள் சோயாவுக்கு ஜூனில் கல்லூரி. இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். ஆனாலும் பஸ்ஸில் வழிநெடுக அவளைக் குடைந்தது வேறொன்று. யார் அந்தப் பறவைக்காரர்?

சேலையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தீபலட்சுமி விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். புதிதாக ஒருவர் வந்தால், முன்னால் வந்தவரின் ஃபைலைத் திறந்து பெயரையும் படிப்பையும் மாற்றிக் கொடுப்பது அவள் வழக்கம்.

"ஹாபி என்னன்னு யாரும் சொல்ல மாட்டாங்கக்கா. இருக்கறதை அப்படியே விட்டுடுவேன்."

"அப்ப முதல் ஃபைல் யாரோடது?"

தீபலட்சுமி பேச்சை மாற்றினாள். "மொதல்ல உங்களோடதை முடிப்போம். பதினோரு வருஷம் காலியா கிடக்கு. என்ன பண்ணீங்க?"

"அவர் டைல்ஸ் கடையில சும்மா கூட இருந்தேன்."

"சும்மான்னா?"

அக்தர் யோசித்து யோசித்துச் சொன்னாள். ஒரே டிசைன் என்றாலும் லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு முறை சுட்டெடுத்து வரும் சரக்குக்கும், டைல்ஸின் நிறம் மாறும். ஒவ்வொரு லாட்டிலும் உடைந்த ஒரு துண்டை எடுத்து, பின்பக்கம் மார்க்கரில் லாட் நம்பர் எழுதி, டப்பாக்களில் அடுக்கி வைப்பாள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் பாத்ரூமில் நாலு டைல்ஸ் உடைந்துவிட்டது என்று வந்தால், துண்டோடு ஒப்பிட்டு லாட்டைக் கண்டுபிடிப்பாள். எந்த டீலரிடம் அது மிச்சம் இருக்கிறது என்று போனில் விசாரித்து வரவழைத்தும் கொடுப்பாள்.

"அன்னைக்கு ஏன்கா இதைச் சொல்லலை?" தீபலட்சுமிக்குக் கோபமே வந்துவிட்டது.

"சம்பளம் வாங்காத வேலையைப் போய் எப்படிம்மா எழுதறது?"

"இதை விட்டுட்டு வேற எதை எழுதறது?" என்று படபடவென்று டைப் செய்தாள். ஹாபி வரியை எடுத்துவிட்டாள். இந்த முறை அக்தர் இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டு மறுபடியும், "முதல் ஃபைல் யாரோடது?" என்றாள்.

வேறு வழியில்லாமல் தீபலட்சுமி பழைய ஃபைலைத் திறந்தாள். பெயர் தீபலட்சுமி. படிப்பு விலங்கியல்.

"காலேஜ் முடிச்சதும் அடிச்சதுக்கா. ஒன்பது வருஷம் ஆச்சு. எங்கயும் அனுப்பலை. அப்பாவுக்கு முடியாம போச்சு, கடையில உட்கார்ந்துட்டேன்."

அக்தருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை பேருக்கு வேலை தேடிப் போன காகிதம், எழுதியவளை மட்டும் கடையை விட்டு நகர்த்தவில்லை.

மறுநாள் மோகன்ராஜ் அந்த லாட் விஷயத்தை இரண்டு முறை படித்தார். உள்ளேயிருந்து இரண்டு டைல்ஸ் வரவழைத்தார். அக்தர் அவற்றை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டும் வேற வேற லாட் சார். ஒரே சுவத்துல ஒட்டினா கஸ்டமர் சண்டைக்கு வருவார்."

பெட்டிகளின் நம்பரைச் சரிபார்த்தவர் நிமிர்ந்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க மேடம். ஆமா, பறவை எங்க?"

"சொந்தக்காரங்ககிட்டயே போயிடுச்சு சார்."

பஸ் ஸ்டாப்பில் நின்று அத்தாவுல்லாவுக்குச் சொன்னாள். அடுத்த போன் தீபலட்சுமிக்கு.

"வேலை கிடைச்சிடுச்சும்மா. இப்ப உன்னோடதைப் பார்ப்போம். ஒன்பது வருஷம் காலியா கிடக்கு. சாயந்திரம் வர்றேன். நான் கேக்கறேன், நீ டைப் பண்ணு."

"நான் என்னக்கா பண்ணேன்? சும்மா கடையில இருந்தேன்."

பஸ் வந்து நின்றது. அக்தர் ஏறவில்லை.

"சும்மான்னா?" என்று கேட்டாள்.