நாற்காலி எத்தனை போடட்டும்?

...இல்லை, பாட்டில் இங்கே வெட்டினாலும் போகமாட்டேன் என்கிறான் குக்கோ, அவனுடைய டிராக்கை முழுசாக ஊமையாக்கிவிட்டேன், திரையில் அவன் குரலின் அலைவரி சாம்பல் பூத்துப் படுத்துக்கிடக்கிறது, ஆனால் ஹெட்போனில் என் குரலுக்குப் பின்னால், அடுத்த அறையில் குளித்துக்கொண்டே பாடுகிறவனைப்போல என் அண்ணன் பாடிக்கொண்டேயிருக்கிறான், என் மைக்குக்குள் இவன் எப்படி நுழைந்தான்... எப்படியென்றால், கராஜில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பாடினோம், அவன் மைக்கில் நான், என் மைக்கில் அவன், நுழையாமல் என்ன செய்வான். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் பதிந்தது. அந்த வெயிலிலும் மின்விசிறி போடமாட்டோம், சத்தம் விழும் என்று. மின்விசிறிக்குப் பயந்தேனே தவிர அண்ணனுக்குப் பயப்படத் தோன்றவில்லை. முதலில் அவன் இழுவையை மட்டும்தான் குறைத்துப் பார்த்தேன், "பாலத்துக்கு அப்பாலே உன் சன்னல் வெளிச்சம்" என்று வரும், நான் எழுதிய வரிதான், அதில் அந்த "அப்பாலே"யை அவன் ஆற்றின் அக்கரைவரை இழுத்துக்கொண்டு போவான், கல்யாண மேடைகளில் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இழுப்பான், பகட்டு, அதைக் கத்தரித்தால் பாட்டு கச்சிதமாகிவிடும் என்று கத்தரித்தேன், கத்தரித்ததும் என் குரல் முட்டிக்கொண்டு விழுகிறது, யாரோ முதுகில் கைவைத்துப் பேருந்துக்குள் தள்ளிவிட்டதுபோல, ஏன் என்று புரியவில்லை, சரி, ஆளையே எடுத்துவிடுவோம் என்று எடுத்தால் ஆள் போகவில்லை. "அண்ணே, இந்த பூட்ஸ் எவ்வளவு?" ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கினேன். வைக்கோல் தொப்பி, கையில் மிளகாய்ப்பொடி தடவிய சோளக்கதிர், பூட்ஸைத் தொடாமல் விலை கேட்கிறான். தொடாமல் கேட்கிறவன் வாங்கமாட்டான். "உங்களுக்கு எவ்வளவு தோணுதோ சொல்லுங்க ராசா." சிரித்துக்கொண்டே போய்விட்டான். பார்த்தாயா.

ஞாயிற்றுக்கிழமை புல்காச் சந்தையில், தகரக் கூரைக்குக் கீழே, பூட்ஸ் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பாட்டு வெட்டுகிறவன் சான் அந்தோனியோ முழுக்க நான் ஒருவனாகத்தான் இருப்பேன், ஆனால் வேறு எங்கே வெட்டுவது, வீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, நாலு பேர் பேரம் பேசும் சத்தம் இருந்தால்தான் எனக்குக் காது திறக்கும். கடை கட்டுவதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதில் வாரோ என்று என் பேர் போட்டு என் பாட்டுகளுக்கு ஒரு ரெக்கார்டு, ஒன்றே ஒன்று, அதற்கு இரண்டு ஸ்டுடியோ, இரண்டு பேரும் வருகிற சனிக்கிழமையை எனக்காகப் பிடித்துவைத்திருக்கிறார்கள், இரண்டு பேரிடமும் "நீங்கதான்" என்று சொல்லிவைத்திருக்கிறேன், வியாபாரி மகன் வேறு எப்படிச் சொல்வான். வடக்கே நெடுஞ்சாலை ஓரத்தில் டேரனுடையது, கண்ணாடிக்குள் கண்ணாடி, ஆளுக்கொரு கூண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும், நல்ல பையன், "பழசை ஏன் கிண்டிக்கிட்டு இருக்கீங்க சார், புதுசா பாடிடுங்க, முதல் குரலும் நீங்களே, ரெண்டாம் குரலும் நீங்களே, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கித் தர்றேன், அடுக்குறதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்றான். கொசுறு. கேட்காமலே கொசுறு வந்தால் சரக்கில் எங்கேயோ ஓட்டை என்று தோன்றும் எனக்கு, பழக்கதோஷம்... மேற்கே செமா இபார்ராவுடையது, மூடிப்போன பேக்கரி, அடுப்பிருந்த சுவரில் இன்னும் கரி, மழை நாளில் பட்டை வாசனை கிளம்பும், ஒரே அறை, நடுவில் ஒரே பெரிய மைக், சுற்றி நாற்காலி போட்டு உட்கார வேண்டும், யார் குரல் தூக்கல் யார் குரல் கம்மி என்பதை நாற்காலியை நகர்த்தித்தான் சரிபண்ணுவான், ஒருவன் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து, வெட்டி ஒட்ட அங்கே ஒன்றுமில்லை. சொன்ன விலையில் ஒரு சென்ட் இறங்கமாட்டான். காலையில் அவன் அனுப்பிய செய்தி போனில் அப்படியே நிற்கிறது. "வாரோ, நாற்காலி எத்தனை போடட்டும்?" அவ்வளவுதான். பாஹோ என்கிற பன்னிரண்டு தந்திக் கித்தாருக்கும் பாஸுக்கும் செமாவே ஆள் வைத்திருக்கிறான், அந்த நாற்காலிகளைக் கேட்கவில்லை அவன், பாடுகிறவன் ஒருவனா இரண்டு பேரா என்று கேட்கிறான், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும், கிழட்டுக் கழுகு.

ஒரே மைக் என்றால் எனக்குப் புதுசா என்ன. இதே வரிசையில், இப்போது சோலே அக்கா பனிக்கூழ் சுரண்டிக்கொண்டிருக்கிற இடத்தில்தான் அப்பாவின் கடை அப்போது, பூட்ஸ், பெல்ட், பாம்புத்தோல் என்று அவர் சத்தியம் செய்கிற ஏதோ ஒரு தோல், கூட்டம் சேர்க்க எங்கள் இரண்டு பேரையும் பழப்பெட்டிகளின் மேல் ஏற்றிப் பாடவிடுவார், எதிர்க்கடைக்காரன் இரண்டு மைக் வைத்திருந்தான், அப்பா இரண்டுக்கும் சேர்த்துப் பேரம் பேசி, பேசி, கடைசியில் ஒரு மைக்கையும் ஒரு கோழிக்கூண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார், எப்படி அப்படி முடிந்தது என்று அவருக்கே தெரியாது. அதனால் கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் பாடினோம். குக்கோவின் மூச்சில் எப்போதும் மிளகாய் போட்ட மாங்காய் வாசனை, அவன் தலையெண்ணெய் என் காதில், அவன் பெரியவன், உரத்த தொண்டை, அதனால் மெட்டு அவனுக்கு, "நீ கொஞ்சம் கீழே போடா" என்றார் அப்பா, ரெண்டாம் குரலுக்குப் போனேன், அன்று இறங்கியவன்தான். அவன் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்தவன் மாதிரி, வளைவில் அவன் சாய்கிற பக்கம் நானும் சாய்ந்து... நாங்கள் பாடுகிறபோது அப்பா எங்களைப் பார்க்கவே மாட்டார், கூட்டத்தின் கைகளைப் பார்ப்பார். யார் கை பூட்ஸுக்குள் போகிறதோ அவன்தான் ஆள். உள்தோலைத் தடவிப் பார்க்கிறவன் மனசில் ஏற்கெனவே போட்டுக்கொண்டு நடக்கிறான், அந்த நேரத்தில் நீ வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் விலை போச்சு, அவனே பேசட்டும். எங்கள் வீட்டில் ஜெபத்தைவிட இதைத்தான் முதலில் கற்றோம்.

"என்னடா வாரோ, பொட்டியைப் பாத்து மூஞ்சியைச் சுளிக்கிற, பொண்டாட்டி போட்டோவா?" சோலே அக்கா, கையில் புளிப் பனிக்கூழ், எனக்கு ஒன்று, காசு வாங்கமாட்டாள், பதிலுக்கு என் நிழலில் நின்று அரைமணி நேரம் பேசுவாள், அவளும் வியாபாரிதான். சொன்னேன். தனியாகப் பாடப்போகிறேன், முதல் குரல், அண்ணன் வேண்டாம். "அட, பாடேன், கேப்போம், அந்தப் பாலத்துப் பாட்டைப் பாடு, என் கல்யாணத்துல நீங்க பாடுனதுதானே." தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன், பாலத்துக்கு அப்பாலே, நன்றாகத்தான் வந்தது, சுருதி விலகவில்லை, கண்ணைக்கூட மூடினேன், இரண்டு வரி முடித்துக் கண்ணைத் திறந்தால் அக்கா கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். "நல்லா இருக்கு. ஆனா இது எந்தப் பாட்டு?" அக்கா, இதுதான் அந்தப் பாட்டு. "போடா, அது எனக்குத் தெரியாதா, நாலு பிள்ளை பெத்தாச்சு அந்தப் பாட்டுக்கு ஆடி, இது வேற ஏதோ, சாவு வீட்டுல பாடுற மாதிரி இருக்கு." மறுபடி எடுத்தேன். மறுபடியும் கீழே. மேலே போ, மேலே, என்று தொண்டையைத் தள்ளுகிறேன், இரண்டாவது சொல்லிலேயே தானாகச் சறுக்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஓட்டுகிறவன் இல்லாத சைக்கிளின் பின்சீட்டில். விரலுக்கு மெட்டு தெரியும், அக்கார்டியனைக் கொடுத்தால் வாசித்துவிடுவேன், வாய்க்குத் தெரியவில்லை. நான் எழுதிய பாட்டு. முழுசாக ஒரு தடவைகூட நான் பாடியதில்லை என்று ஒரு பனிக்கூழ்க்காரி சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது.

மெட்டு வேண்டுமென்றால் இதோ, சாம்பல் பூத்த வரியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், குக்கோ எழுந்து பாடிவிடுவான், கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்ளலாம், கிளி பழகுவதில்லையா... தெரியும். தெரிந்தும் போனை எடுத்தேன். நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை, கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில் சோளமாவுத் தமாலே, ஈஸ்டருக்கு என் வீட்டில் கறி, அவன் சபையில் சேர்ந்தபோது தன் பாஹோவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான், "இனிமே மதுக்கடைப் பாட்டு இல்லடா, கர்த்தருக்கு மட்டும்தான்" என்றான், கர்த்தருக்கு ஏற்கெனவே நிறையப் பேர் பாடுகிறார்களே என்றேன், சிரித்தான், நானும் சிரித்தேன், அவ்வளவுதான், அதற்குப் பிறகு கார், முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள், எல்லாம் பேசினோம், பாட்டை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு நடந்தோம், வீட்டு நடுவில் தண்ணீர் ஒழுகுகிற இடத்தைச் சுற்றி நடப்பதுபோல. மாட்டேன் என்று அவன் ஒருமுறை வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் கிறிஸ்துமஸுக்கு எந்த முகத்தோடு தமாலே தின்பது. மணி அடித்தது. எடுத்தான். பின்னால் பிள்ளைகள் சத்தம், கார்க் கதவு, சபை வாசலில்தான் நிற்கிறான்.

"என்னடா வாரோ, சந்தை இல்லையா?" சந்தையில்தான் அண்ணே, சும்மா... அந்தப் பாலத்துப் பாட்டு, முதல் வரி மேலே எப்படிப் போகும்? "உன்கிட்டதான் பதிஞ்சது இருக்கே." அழிஞ்சுபோச்சு, என்றேன், கண்ணெதிரே அவன் வரி படுத்துக்கிடக்க. "அழிஞ்சுபோச்சா." நம்பவில்லை, அவன் யார் பிள்ளை. "ஆராதனை ஆரம்பிக்கப்போவுதுடா." சரிண்ணே, அப்புறம் பேசுறேன். "இரு." காலடிச் சத்தம், சரளைக்கல், பிள்ளைகளின் கூச்சல் தூரமாயிற்று, பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல, பாலத்துக்கு... குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அடியில் மணல், ஆனால் அதே தொண்டை, அதே மாங்காய்... அப்பாலே... என்று வந்து நின்றான். இந்த நேரம் பார்த்து ஒருத்தி பெல்ட்டைத் தூக்கிக் காட்டி என்னமோ கேட்கிறாள், நான் கையை ஆட்டுகிறேன், அவன் இழுத்துக்கொண்டேயிருக்கிறான், யாருக்காக இழுக்கிறான், பெண்கள் இல்லை, மேடை இல்லை, சபைக்குப் பின்னால் தனியாக ஒரு கிழவன், எதற்கு இன்னும் இழுக்கிறான், போதும், அடுத்த சொல்லுக்குப் போயேன்... போகவில்லை. நிற்கிறான். அப்போதுதான் என் நெஞ்சு தானாக நிறைந்தது, எப்போதும் அந்த இடத்தில் நிறைவதுபோல, சிறுவயதிலிருந்தே இளைப்பு எனக்கு, அந்த வரியின் நடுவில் மூச்சு எட்டாது, நிறைந்ததும் வாய் திறந்தது, உன் சன்னல் வெளிச்சம், என்று கீழே நான் சேர்ந்ததும் அவன் அந்த இழுவையை விட்டான், இரண்டு பேரும் ஒன்றாக வரியை முடித்தோம். பெல்ட்டுக்காரி வாயைப் பிளந்து நிற்கிறாள். சோலே அக்கா அங்கிருந்து கரண்டியை ஆட்டுகிறாள், இதுதான்டா, இதுதான் அந்தப் பாட்டு, என்று.

 பிறகு அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பதுபோல, "எந்த ஸ்டுடியோடா?" நான் ஸ்டுடியோ என்ற சொல்லையே எடுக்கவில்லை. கை பூட்ஸுக்குள் போய்விட்டது. வாயை மூடு, வாரோ, மூடு, அவனே பேசட்டும்... மூடிக்கொண்டேன். அவனும் பேசவில்லை. அவனும் அதே கடையில் வளர்ந்தவன்தானே, என் கையும் ஒரு பூட்ஸுக்குள் இருப்பது அவனுக்கு அங்கிருந்தே தெரியும், இரண்டு வியாபாரிகள், இரண்டு பக்கமும் வாங்க வந்தவர்கள், விற்க ஆளில்லை, யார் முதலில் திறப்பது, தூரத்தில் அவன் சபையில் மேளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள், போகவில்லை அவன், செமாவின் கேள்வி இதே போனில் பதிலில்லாமல் நிற்கிறது, நாற்காலி எத்தனை, சும்மா இருக்க முடியாமல் கை போய் அந்தச் சாம்பல் வரியை உயிர்ப்பித்தது, இரண்டு அலைகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, பாட்டை மெதுவாக நகர்த்துகிறேன், நான் மூச்சு வாங்கிய இடமெல்லாம் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது, ஒவ்வொரு பள்ளத்துக்கு மேலேயும் அவன் கோடு விடாமல் நிற்கிறது, இங்கே, இங்கே, இதோ இங்கேயும், கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வருகிறேன், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் பக்கத்துச் சத்தத்தில் தேடிக்கொண்டு... இவன் எப்போதுதான் மூச்சு வாங்கினான்?